சின்னத்திரையிலே சில தாதியர்

சிலாபத்திலோ புத்தளத்திலோ உள்ள எந்த வைத்தியசாலை வாட்டிலும் "மிஸி" என்று ஒரு குரல் எழுந்தால், திரும்பிப் பார்ப்பவர் யாரென்பது நமக்குத் தெரியும். நூல்களிலே அவர் தாதி. அரசாங்கக் கடிதங்களிலே தாதிய உத்தியோகத்தர். நோயாளியின் நாவிலோ என்றைக்கும் மிஸிதான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேறுபாடின்றி உச்சரிக்கும் சொற்கள் இக்கரையோரத்திலே சிலவே உள்ளன. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும், அந்த மிஸிக்கும் ஒரு பெயர் உண்டு என்ற நினைவு நம்மிற் பலருக்கு எழுவதில்லை. சுகப்பட்டு வீடு திரும்பியவர் டாக்டரின் பெயரை ஊரெங்கும் புகழ்ந்துரைப்பார். நள்ளிரவில் மூன்று முறை வந்து காய்ச்சல் பார்த்தவரின் பெயரைக் கேட்டாலோ விழிப்பார்.

நம் படக்கதைகளும் இவ்வழக்கத்தையே பின்பற்றி வந்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டில் பீம்சிங்கின் இயக்கத்தில் வெளிவந்த 'பாலும் பழமும்' என்ற படத்தை இக்காலத்துப் பிள்ளைகளும் அறிவர். அதன் பாடல்களை இலங்கை வானொலி நம் வீடுகளுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டதன்றோ? அதிலே சரோஜாதேவி ஏற்ற சாந்தி என்ற பாத்திரம் ஒரு தாதி. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட டாக்டரை மணக்கிறாள். காசநோய் கண்டு பிரிகிறாள். இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்பிய பின்னர், பார்வையிழந்த கணவனுக்குப் பணிவிடை செய்ய வேறொரு பெயரிலே, தாதியாகவே திரும்பி வருகிறாள். கண்ணீரை வரவழைக்கும் கதைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் சற்றே சிந்தித்துப் பார்த்தால், அங்கே தாதியின் வெள்ளுடை ஒரு மாறுவேடமாகவே நிற்கிறது. அவ்வுடைக்குள் இருப்பவள் மனைவி. அவளது தொழிலைப் பற்றிப் படம் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அடுத்த ஆண்டு ஸ்ரீதர் தந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதை. அதிலும் டாக்டரும் நோயாளியும் நோயாளியின் மனைவியுமே நம் நெஞ்சில் நிற்கின்றனர், தாதியர் அல்லர்.

தாதியைத் தாதியாகவே காட்டிய கதைகளை நம்மவர் காண்பதற்குத் தொலைக்காட்சிதான் வழி திறந்தது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982ஆம் ஆண்டில் தொடங்கியது. அது ஒளிபரப்பிய 'ஓஷின்' என்ற ஜப்பானியத் தொடர், நம்மைப் போலவே சோறுண்ணும் மாந்தரின் துன்பங்களை நம் திண்ணைகளுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பல்லாண்டுகளின் பின்னர், 2010ஆம் ஆண்டை அடுத்து, கொரிய நாட்டுத் தொடரொன்று 'சுஜாத தியணி' என்ற சிங்களப் பெயருடன் வந்து இத்தீவையே கட்டிப்போட்டது. கொரிய மொழியிலே அதன் பெயர் 'தே ஜாங் கும்'. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் ஒளிபரப்பான ஐம்பத்துநான்கு அத்தியாயங்களைக் கொண்டது. லீ யங் ஏ என்ற நடிகை தலைமைப் பாத்திரம் ஏற்றது. உடப்பிலும் கற்பிட்டியிலும் முந்தலிலும் தமிழ் வீடுகள் பல, அது தொடங்கும் நேரத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் அறிவேன். சிங்களம் விளங்காத பாட்டிமார்க்குப் பேத்திமார் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். "இப்ப என்னவாம் பிள்ளை?" என்ற கேள்வி ஓயாது, பேத்தியின் சலிப்பும் ஓயாது.

ஜாங்கும் அரண்மனை மடைப்பள்ளியிலே பணிசெய்த பெண். பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, ஜேஜு என்ற தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறாள். அரண்மனைக்குத் திரும்ப அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே வாயில், 'உய்னியோ' எனப்படும் மருத்துவப் பணிப்பெண் ஆவதுதான். இந்த உய்னியோ என்பது கற்பனையன்று. ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதினும் சாவதே மேல் என்று உயர்குலப் பெண்கள் கருதிய காலத்திலே, அவர்களுக்கு நாடி பார்க்கவும், ஊசி குத்தும் வைத்தியம் செய்யவும், பேறு பார்க்கவும் 1406ஆம் ஆண்டில் கொரிய அரசு ஏற்படுத்திய முறை அது. அப்பணிக்கு எடுக்கப்பட்டவர்கள் யாரென்றால் அரசாங்க அடிமைகளின் பெண்மக்கள். உயிரைக் காக்கும் கை அவர்களுடையது. அந்தஸ்தோ மிகத் தாழ்ந்தது. விருந்துகளுக்கு அழைத்து ஆடவும் பாடவும் வைத்த கொடுமையும் நடந்ததுண்டு. 1506 முதல் 1544 வரை ஆண்ட சுங்ஜொங் மன்னனின் அரச குறிப்புகளிலே ஜாங்கும் என்ற மருத்துவப் பெண்ணின் பெயர் சில இடங்களில் வருகிறது. அந்தச் சில வரிகளைக் கொண்டே ஐம்பத்துநான்கு அத்தியாயங்களையும் கட்டியெழுப்பினார்கள்.

அத்தொடரிலே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அரச சபைச் சூழ்ச்சிகள் அல்ல. பயிற்சிக் காலத்துச் சிறு நிகழ்ச்சி ஒன்று. மாணவியரிடம் நோயாளிகளை ஒப்படைத்து, நோயை அறிந்து வருமாறு ஆசிரியர் பணிக்கிறார். கூர்மதி படைத்த ஜாங்கும், குறிகளைக் கண்டவுடனே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அவளுடைய தோழி ஷின்பி அவ்வளவு கெட்டிக்காரி அல்லள். என்ன உண்டீர்கள், எப்போது உறங்கினீர்கள், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். ஆசிரியர் கெட்டிக்காரிக்குச் சித்தியின்மையைக் கொடுத்து, கேட்டுக்கொண்டிருந்தவளைப் பாராட்டுகிறார். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் காட்சி உறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

உறைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இம்மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றிலே உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சில நாள் இருந்தேன். அடுத்த கட்டிலிலே மீனவக் கிராமத்து ஆச்சி ஒருவர். "நெஞ்சு கரிக்குது மேனே, சாப்பிட்டா நெஞ்சை அடைக்குது, படுத்தா முதுகாலே ஊசி குத்துது" என்று அவர் சொல்கிறார். தமிழறிந்தவருக்கு அவை மூன்று முறைப்பாடுகள். மூன்றும் மூன்று திசையைக் காட்டுபவை. மிஸிக்குத் தமிழ் தெரியாது. எதிர்க்கட்டிலில் இருந்தவர் உதவிக்கு வந்து, மூன்றையும் ஒன்றாக்கி, "பப்புவ ரிதெனவா" என்று முடித்துவிட்டார். நெஞ்சு நோகிறதாம், அவ்வளவுதான். மிஸியும் அதை எழுதிக்கொண்டார். எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. அந்த மிஸி ஒருவரே முப்பது கட்டில்களுக்குப் பொறுப்பு. மாலையில் தாமாகவே மீண்டும் வந்து, ஆச்சியின் கையைப் பிடித்து அவருடைய நெஞ்சின்மேலேயே வைத்து, எங்கே எங்கே என்று கண்ணாலே கேட்டார். ஆச்சியும் விரலாலே காட்டினார். ஷின்பியை நான் அன்று நேரிலே கண்டேன். ஆயினும் இருவரும் ஒரே மொழி பேசுவோராய் இருந்திருந்தால், காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

ஜப்பானியர் தாதியைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியிருக்கின்றனர். 1996ஆம் ஆண்டிலே பூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய 'நர்ஸ் நோ ஒஷிகொத்தோ', அதாவது 'தாதியின் வேலை', 2002 வரையில் நான்கு தொகுதிகளாக வந்தது. அசகுரா இசுமி என்ற புதிய தாதி தொட்டதெல்லாம் தவறாகும், மூத்த தாதி "அசகுரா!" என்று அலறாத அத்தியாயம் இல்லை. விளையாட்டுக் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு தாதி பிறக்கும்போதே வெள்ளுடையுடனும் புன்னகையுடனும் பிறப்பதில்லை, பயந்து, திட்டு வாங்கி, மூத்தவளின் நிழலிலே நின்று கற்கிறாள் என்ற உண்மையைச் சிரிப்போடு சொன்ன தொடர் அது. கைவிளக்கேந்திய காரிகை என்று பாடப்புத்தகத்தில் புளோரன்ஸ் நைற்றிங்கேலைப் படித்துவிட்டு, எல்லாத் தாதியரையும் தேவதைகள் என்று வணங்கிவிட்டு, அவர்கள் சற்றே கடிந்து பேசினால் பேய்கள் என்று தூற்றுகிறோமே, அந்த நமக்கு இது தேவையான மருந்து.

இனி, இரண்டு தாதியரை அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். முதலாமவள் சின்னத்திரைக்கு முந்தியவள். வங்காளத்து இயக்குநர் அசித் சென் 1959ஆம் ஆண்டிலே சுசித்திரா சென்னைக் கொண்டு 'தீப் ஜ்வேலே ஜாய்' என்ற படத்தை எடுத்தார். பத்தாண்டு கழித்து அதே கதையை 'காமோஷி' என்ற பெயரில் இந்தியிலே வஹீதா ரஹ்மானைக் கொண்டு எடுத்தார். மனநோய் வாட்டிலே பணிபுரியும் ராதா என்ற தாதியின் கதை அது. காதலில் ஏமாந்து புத்தி பேதலித்த இளைஞனிடம் அன்புள்ளவள் போல நடித்து அவனைக் குணப்படுத்துமாறு மூத்த டாக்டர் அவளைப் பணிக்கிறார். நோயாளி குணமடைந்து போய்விடுகிறான். அவளுக்கோ அது நடிப்பாக இருக்கவில்லை. இரண்டாவது நோயாளியிடமும் அதையே செய்ய நேர்கிறது. முடிவிலே அவளே மனம் சிதைந்து, தான் பணிசெய்த வாட்டிலேயே நோயாளியாக அடைக்கப்படுகிறாள். கதவு மூடுகிறது, படம் முடிகிறது.

மற்றவள் 2023ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் வாயிலாக வந்த கொரியத் தொடரின் நாயகி. 'மனநோய் வாட்டிலும் காலை புலரும்' என்பது அத்தொடரின் கொரியப் பெயருடைய பொருள். மனநோய்ப் பிரிவிலே முன்பு தாதியாகப் பணியாற்றிய ஒருவர் வரைந்த சித்திரக்கதையைத் தழுவியது. ஆதலால் சாவிக்கொத்தின் சத்தம்வரை எல்லாம் உண்மையாக இருக்கிறது. பார்க் போ யங் நடித்த டா உன் என்ற தாதி, பொது வைத்தியப் பிரிவிலிருந்து மனநோய்ப் பிரிவுக்கு மாற்றப்படுகிறாள். குற்றம் என்ன? ஒவ்வொரு நோயாளியிடமும் அதிக நேரம் நின்றுவிடுகிறாளாம். அவள் விட்ட வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறதாம். இரக்கமும் வேலைப்பளுவும் மோதிக்கொள்ளும் இந்த இடத்தை வேறெந்தக் கதையிலும் இவ்வளவு நேர்மையாக நான் கண்டதில்லை. பரீட்சை எழுதி எழுதித் தோற்று, நனவுலகை விட்டு விளையாட்டு உலகுக்குள் புகுந்துவிட்ட இளைஞன் ஒருவனை அவள் பரிவோடு பார்த்துக்கொள்கிறாள். அவன் தேறுகிறான். வீடு செல்கிறான். பின்னர் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தத் துயரத்தைத் தாங்கமாட்டாமல் டா உன் தானும் நோயுற்று, வேறொரு மனநோய் வைத்தியசாலையிலே அனுமதிக்கப்படுகிறாள்.

இதுவரை ராதாவின் கதைதான். ஆனால் இங்கே கதவு மூடவில்லை. டா உன் மருந்து உண்கிறாள், மெல்லத் தேறுகிறாள், பழைய வாட்டுக்கே வேலைக்குத் திரும்புகிறாள். மனநோய் கண்டவள் எங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதா என்று நோயாளிகளின் குடும்பத்தார் எதிர்க்கின்றனர். தலைமைத் தாதி அவள் பக்கம் நிற்கிறார். அவருடைய சொந்தத் தங்கையே நீண்டகால மனநோயாளி என்பதை நாம் அறிவோம். அதனால் அவரது உறுதி வெறும் மேடைப்பேச்சாக ஒலிப்பதில்லை. ராதா சிதைந்தது காதலால். டா உன் சிதைந்தது தொழிலின் பாரத்தால். முன்னையதை விதி என்று அழுதுவிட்டு எழுந்துவிடலாம். பின்னையதற்கு ஆள் கூட்டவேண்டும், ஓய்வு கொடுக்கவேண்டும், கைகொடுக்க மூத்தவர் வேண்டும். வஹீதாவின் முகத்தை மறக்க எவராலும் இயலாது. எனினும் மாணவியருக்கு இரண்டில் ஒன்றைக் காட்டு என்றால் நான் டா உன்னையே காட்டுவேன்.

மாணவியர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜாங்குமைப் பார்த்த நாட்களிலே எத்தனையோ பெண்பிள்ளைகள் "நானும் மிஸியாகப் போகிறேன், சேர்" என்று என்னிடம் சொல்லியிருக்கின்றனர். அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்றாண்டு. அதற்குப் பெரும்பாலும் உயர்தரத்திலே விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்தவர்களையே எடுக்கின்றனர். இக்கரையோரத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகள் பலவற்றிலோ உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. கலைப்பிரிவு உண்டு, ஆகவே கலை படிக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழிலே கற்பித்தார் என்று பெருமை பேசுகிறோம். இங்கோ, ஆச்சியின் மூன்று முறைப்பாடுகளையும் மூன்றாகவே கேட்கக்கூடிய பிள்ளை, அந்த வாட்டின் வாசலுக்கே வரமுடியாமல் நிற்கிறாள்.

எல்லோரும் நின்றுவிடவில்லை. என்னிடம் சாதாரணதரம் வரை தமிழ் படித்த பெண்ணொருத்தி, இப்போது உயிரியல் படிப்பதற்காக இரண்டு பஸ் மாறி வேறொரு நகரத்துப் பாடசாலைக்குச் செல்கிறாள். காலை ஐந்தேகாலுக்கு முதல் பஸ். தகப்பனார் இரவுக்கடலிலிருந்து திரும்பாத நாட்களில், தாயார்தான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு சந்திவரை துணைக்குப் போகிறார்.