சரக்குப் பட்டியலில் 12 சதவீதத்தை நீக்கும் முறை

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டதை வணிகர்களாகிய நாம் அனைவரும் அறிவோம். நெய், வெண்ணெய், பாதாம், பேரீச்சை, பாக்கெட் மிக்சர் ஆகியவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்திற்கு இறங்கின. பள்ளி நோட்டு, பென்சில் ஆகியவற்றிற்கு வரியே இல்லை. தினமும் விற்கும் சரக்குகளுக்கு உடனே மாற்றியிருப்போம். ஆனால் எப்போதாவது விற்கும் சரக்கில் பழைய 12 ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். அப்படி வரியென்று கூடுதலாக வசூலித்த பணம் நமக்குச் சொந்தமல்ல. அரசுக்குச் செலுத்தியே தீர வேண்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும்.

கணிப்பொறியிலுள்ள சரக்குப் பட்டியல் நமது பேரேடு போன்றதுதான். ஒரு சரக்குக்கு ஒரு வரிசை; பெயர், எச்.எஸ்.என். எண், வரி விகிதம், விலை என்று தனித்தனிக் கட்டங்கள். இதில் "12 வருமிடமெல்லாம் 5 போடு" என்று கட்டளையிட்டால் என்ன ஆகும்? நிலக்கடலையின் எண் 1202, எள்ளின் எண் 1207. இவை 502, 507 என்று மாறிவிடும். 12 ரூபாய்ப் பொருள் 5 ரூபாய் ஆகிவிடும். பில் போடும்போதுதான் நஷ்டம் தெரியும்.

ஆகவே மென்பொருள் எழுதித் தருபவரிடம் கீழ்க்கண்டவாறு கேட்க வேண்டும்:

1. முதலில் கோப்பின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

2. நிரல் ஒவ்வொரு வரிசையாகப் படித்து, வரி விகிதக் கட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே சரியாக 12 இருந்தால் மட்டும் அந்த வரிசையைத் தனிப் பட்டியலாக எடுக்க வேண்டும்.

3. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் உரிய புதிய விகிதத்தை நாமே பார்த்து எழுத வேண்டும். எல்லாவற்றிற்கும் 5 என்று போடக் கூடாது. நோட்டுக்குப் பூஜ்யம், சில வகைக் காகிதங்களுக்கு 18.

4. மத்திய வரி 6, மாநில வரி 6 என்று பிரித்து வைத்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். 5 சதவீதச் சரக்குக்கு அவை இரண்டரை, இரண்டரை.

5. திருத்தியதைப் புதிய கோப்பில் எழுத வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை முன்பும் பின்பும் ஒன்றாக இருக்க வேண்டும். விகிதக் கட்டத்தில் 12 ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எக்செல்லில் திறக்கும்போது நெய்யின் 0405, சீரகத்தின் 0909 ஆகியவற்றின் முன் பூஜ்யம் மறைந்துவிடுவது உண்டு. அந்தக் கட்டத்தை எழுத்தாகவே படிக்கச் சொல்ல வேண்டும்.

பழைய பில்களில் மட்டும் கை வைக்கவே கூடாது. 2025 ஆடித்தபசுக் கூட்டத்தில் நமது சங்கரன்கோவில் கடைகளில் விற்ற நெய்க்கு 12 சதவீதமே சரியான வரி. அத்தகைய சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் அதே விகிதத்தில்தான் போட வேண்டும். கணக்குகளையோ, ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டுமென்பது சட்டம். ஆதலால் விகித அட்டவணையில் 12ஐ அடியோடு அழிக்காமல், "2025 செப்டம்பர் 21 வரை" என்று தேதியிட்டு முடித்து வைப்பதே முறை.

பேரேட்டில் பழைய பற்றைச் சுரண்டி அழிப்பது நம் வழக்கமல்லவே! கணிப்பொறிக் கணக்குக்கும் அதுவே நெறி.