வெற்றி தோல்விக்கு அப்பால் – 3: ஓவலில் குறைந்த ஒன்பது ரன்கள்

1949-ஆம் வருஷம் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில், மேற்கிந்தியத் தீவினருக்கு எதிராக 361 ரன்களை நாடிப் புறப்பட்டு, எட்டு விக்கெட்டுகளை இழந்து 355-இல் நின்றுவிட்ட நம்மவரின் கதையைச் சென்ற வாரம் கண்டோம். அதற்கு முப்பது வருஷங்களுக்குப் பிறகு, லண்டன் மாநகரின் தென்பகுதியான கென்னிங்டனில் உள்ள ஓவல் மைதானத்தில், ஏறக்குறைய அதேபோன்ற ஒரு முடிவு நமக்கு மறுபடியும் நேர்ந்தது. அப்போதும் விழுந்தவை எட்டு விக்கெட்டுகளே. வெற்றிக்குக் குறைந்தவை மாத்திரம் ஒன்பது ரன்கள். பம்பாயில் நேரம் மிச்சமிருக்கையிலேயே அம்பயர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்னும் மனத்தாங்கல் இன்றளவும் இருந்துவருகிறது. ஓவலிலோ ஆட்டம் அதன் கடைசி ஓவர் வரையில் ஆடப்பட்டது. இரு கட்சியாரும் தங்கள் சக்தி முழுவதையும் செலவிட்ட பின்னரே அந்தச் சமநிலை உண்டாயிற்று. ஆகையால்தான், டிராவில் முடிந்த ஆட்டங்களின் மேன்மையை எடுத்துச் சொல்ல முற்பட்ட இத்தொடரில் அதற்குத் தனியான ஓர் இடம் உண்டு என்று நான் கருதுகிறேன்.

அந்த 1979-ஆம் வருஷத்துக் கோடை இந்தியக் கிரிக்கெட்டுக்கு நல்ல காலமாக அமையவில்லை. ஜூன் மாதத்தில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் நம்முடைய அணி ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அவற்றில் ஒன்று, அந்நாளில் டெஸ்ட் அந்தஸ்தே பெற்றிராத இலங்கையிடம் கண்ட தோல்வி. பிறகு தொடங்கிய டெஸ்ட் வரிசையில் எட்ஜ்பாஸ்டனில் இன்னிங்ஸ் தோல்வி. லார்ட்ஸில் விஸ்வநாத்தும் வெங்சர்க்காரும் ஆளுக்கொரு சதம் அடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். ஹெடிங்லியில் மழை குறுக்கிட்டது. இத்தனை சங்கடங்களுக்கும் நடுவே அணியைத் தலைமை தாங்கி நடத்தியவர் நம் சென்னையைச் சேர்ந்த ஸ்ரீநிவாஸ் வெங்கட்ராகவன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர், 1965-இல் சென்னையிலேயே தம் முதல் டெஸ்டை ஆடியவர், 1971-இல் இதே ஓவலில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் முதன்முறையாக நாம் ஜயித்தபோது உபகாப்டனாக இருந்தவர். விக்கெட்டுகளுக்குப் பின்னால் நின்ற பரத் ரெட்டியும் சென்னைக்காரரே. வரிசையில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கிய நிலையில், ஆகஸ்டு 30-ஆம் தேதி, நான்காவதும் கடைசியுமான டெஸ்டை ஆட அவர்கள் ஓவலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் நான்கு நாட்களின் விவரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இங்கிலாந்து 305 ரன் எடுத்தது; விஸ்வநாத் 62 ரன் அடித்தும் இந்தியா 202-க்குள் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் ஜெஃப்ரி பாய்காட் தமக்கே உரிய பொறுமையோடு 125 ரன் சேர்த்தார். விக்கெட் கீப்பர் பேர்ஸ்டோ 59 ரன் எடுத்தார். எட்டு விக்கெட்டுக்கு 334 என்ற நிலையில் காப்டன் மைக் பிரியர்லி இன்னிங்ஸை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். இந்தியாவுக்கு நிர்ணயமான இலக்கு 438. டெஸ்ட் சரித்திரத்தில் அதுவரையில் நான்காவது இன்னிங்ஸில் எடுத்து வென்ற மிகப் பெரிய தொகை, 1976-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நாமே எடுத்த 406 ரன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணின் பாரம் விளங்கும். நான்காம் நாள் ஆட்டம் முடிந்தபோது கவாஸ்கரும் சௌஹானும் ஆட்டமிழக்காமல் 76 ரன் சேர்த்திருந்தார்கள். எஞ்சியிருந்தது ஒரே நாள். எடுக்க வேண்டியவை 362 ரன்கள். அன்றிரவு, வெற்றி நமக்குக் கிட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், அதை ஆசையின் பிதற்றல் என்றே நடுநிலையான ரசிகர் ஒதுக்கியிருப்பார்.

செப்டம்பர் 4-ஆம் தேதி காலையில் கவாஸ்கர் மறுபடியும் ஆட வந்தார். அவருடைய நிதானத்தைப் பற்றி அந்நாளில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உலவின. நான்கு வருஷங்களுக்கு முன் லார்ட்ஸில் நடந்த முதல் உலகக் கோப்பை ஆட்டத்தில், இங்கிலாந்தின் பெரிய ஸ்கோருக்கு எதிரே, அறுபது ஓவர்கள் முழுவதும் நின்று 36 ரன் மாத்திரமே எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பியவர் அவரே என்பதை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் நிதானம் என்பது மந்தம் அன்று. தன் காலத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வலிமைக்கே அந்தப் பெயர் பொருந்தும் என்பதை ஓவலில் அவர் நிரூபித்தார். காலையில் அவரும் சௌஹானும் அவசரமே காட்டாமல் 93 ரன் சேர்த்தார்கள். பகலுணவு வேளையில் ஸ்கோர் விக்கெட் இழப்பின்றி 169. வெற்றியைப் பற்றிய பேச்சுக்கே அப்போது இடமில்லை. தோல்வி விலகிவிட்டது என்பதே போதுமான ஆறுதலாக இருந்தது. முதல் விக்கெட் கூட்டு 213-ஐ எட்டியது. 1936-இல் மான்செஸ்டரில் மெர்ச்சண்ட்டும் முஷ்டாக் அலியும் ஸ்தாபித்த 203 என்னும் கீர்த்தி பெற்ற எல்லை கடக்கப்பட்டது. அந்த நிலையில், 80 ரன் எடுத்திருந்த சௌஹான் வில்லிஸின் பந்தில் போத்தமிடம் காட்ச் கொடுத்து வெளியேற, திலீப் வெங்சர்க்கார் வந்து சேர்ந்தார். அதன் பின்னர்தான் ஆட்டத்தின் போக்கு மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது. தேநீர் வேளையில் ஒரு விக்கெட்டுக்கு 304 ரன், வேண்டியவை 134. காலையில் கற்பனையாக இருந்தது மாலையில் கணக்காக மாறிவிட்டது.

இங்கே பிரியர்லியின் விவேகத்தையும் சொல்லாமல் விடலாகாது. அந்நாளைய விதிப்படி, கடைசி ஒரு மணி நேரம் தொடங்கியதும் குறைந்தது இருபது ஓவர்கள் கட்டாயம் வீசியாக வேண்டும். அதற்கு முந்தைய அரை மணியில் எத்தனை ஓவர் வீசுவது என்பதற்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, தேநீருக்குப் பின் வந்த அரை மணியில் ஆறே ஓவர்கள் வீசப்படுமாறு அவர் பார்த்துக்கொண்டார். இது நேர்மையா என்று சிலர் கேட்டார்கள்; சட்டம் அனுமதித்த ஆயுதத்தைச் சங்கடமான வேளையில் எடுத்தார் என்பதற்கு மேல் அவரைக் குறை கூற நான் விரும்பவில்லை. கட்டாய ஓவர்கள் தொடங்கும்போது ஸ்கோர் ஒரு விக்கெட்டுக்கு 328. இருபது ஓவர்களில் 110 ரன் தேவை. ஓவருக்கு ஐந்தரை ரன் என்பது, நூற்றுக்கணக்கான ஒருநாள் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிவிட்ட இன்றைய வாசகர்களுக்குச் சாமானியமாகத் தோன்றலாம். அந்நாளில், ஐந்தாம் நாள் மாலையில், எல்லைக்கோடு நெடுகப் பரப்பி நிறுத்தப்பட்ட ஃபீல்டர்களுக்கு நடுவே, அது ஒரு கடும் பரீட்சை. ஆயினும் கவாஸ்கர் இரட்டைச் சதத்தைக் கடந்தார். வெங்சர்க்கார் 52 ரன் எடுத்தார். ஸ்கோர் 366 வரை உயர்ந்தது. கையில் ஒன்பது விக்கெட்டுகள் இருக்க, வேண்டியவை 72 ரன்களே. நம் நாட்டில் அப்போது இரவு வெகு நேரமாகியும், பி.பி.சி. வானொலியின் முன் அமர்ந்திருந்தவர்கள் எழுந்திருக்க மனமின்றி இருந்தார்கள்.

அந்த 366-ஆவது ரன்னில்தான் வெங்சர்க்கார், எட்மண்ட்ஸின் பந்தில் போத்தமிடம் காட்ச் கொடுத்தார். வழக்கப்படி நான்காவதாக வரவேண்டிய விஸ்வநாத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அடித்து ஆடுவதில் பெயர் பெற்ற இருபது வயது இளைஞர் கபில்தேவை வெங்கட்ராகவன் அனுப்பினார். அவர் ரன் ஏதும் எடுக்காமலே, பீட்டர் வில்லியின் பந்தில் கூச்சிடம் காட்ச் கொடுத்துத் திரும்பினார். அடுத்து யஷ்பால் சர்மா வந்தார். பிரியர்லி பந்தை இயன் போத்தமிடம் கொடுத்தார்; அந்த ஆட்டத்திலேயே ஆயிரம் ரன், நூறு விக்கெட் என்னும் இரட்டைச் சாதனையை இருபத்தோராவது டெஸ்டில் முடித்து, நம் வினூ மன்கட் வைத்திருந்த இருபத்துமூன்று டெஸ்ட் என்ற எல்லையை முறியடித்த போத்தம் அவர். ஸ்கோர் 389-ஐ அடைந்தபோது கவாஸ்கர் அவருடைய பந்தை உயர்த்தி அடிக்க, டேவிட் கோவர் அதைப் பிடித்துவிட்டார். 221 ரன்கள், 443 பந்துகள், எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஏகாக்கிரதை. டெஸ்ட் ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் அதற்கு முன் இரட்டைச் சதம் அடித்தவர்கள் இருவரே: 1930-இல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஹெட்லி, 1939-இல் டர்பனில் பில் எட்ரிச். அந்த இரண்டு ஆட்டங்களும் டிராவில்தான் முடிந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இன்னும் 49 ரன்கள் வேண்டியிருந்தன. விஸ்வநாத் வந்து 15 ரன் எடுத்து, 410-இல் வில்லியின் பந்தில் பிரியர்லியிடம் பிடிபட்டார். 411-இல் ஆறாவது விக்கெட், 419-இல் ஏழாவது, 423-இல் எட்டாவது. போத்தம் தம் கடைசி நான்கு ஓவர்களில் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்ததோடு வெங்கட்ராகவன் ரன் அவுட் ஆவதற்கும் காரணமானார். ஒரு மணி நேரத்துக்கு முன் வெற்றியின் வாசலில் நின்றவர்களுக்கு இப்போது தோல்வியின் நிழல் தெரியத் தொடங்கியது. கடைசி ஓவரில் 15 ரன் தேவை. இரண்டு விக்கெட்டுகள் பாக்கி. வெற்றி, தோல்வி, சமம், டிரா ஆகிய நான்கு முடிவுகளும் அந்த ஆறு பந்துகளுக்குள் அடங்கிக் கிடந்தன. கர்சன் காவ்ரியும் பரத் ரெட்டியும் அந்த ஓவரைக் கடந்து, எட்டு விக்கெட்டுக்கு 429 என்ற நிலையில் ஆட்டமிழக்காமல் மீண்டார்கள்.

இதன் பின்விளைவு காப்டனின் தலையில் வந்து விழுந்தது. விஸ்வநாத்தை ஏன் பின்னுக்குத் தள்ளினார் என்ற கேள்வியைப் பலரும் கேட்டார்கள். அணி தாயகம் திரும்பும் விமானத்திலேயே, அடுத்த வரிசைக்குக் கவாஸ்கர் காப்டன் என்ற செய்தி ஒலிபரப்பப்பட்டது. என் மனத்தில் பட்டதை இங்கே திறந்து சொல்லுகிறேன். ஒன்பது விக்கெட்டுகள் கையில் இருக்கும்போது ஒன்றிரண்டைப் பணயம் வைத்து வேகத்தைக் கூட்டுவதும், நிதானமாக ஆடக்கூடிய ஒருவரை நெருக்கடிக்கென்று வைத்துக்கொள்வதும் யுக்திக்கு முரணானவை அல்ல. கபில்தேவ் அன்று நான்கு பந்துகளை எல்லைக்கு அனுப்பியிருந்தால், அதே தீர்மானத்தை மேதைமை என்று அதே மனிதர்கள் புகழ்ந்திருப்பார்கள். பலனைக் கண்ட பிறகு காரியத்தை அளப்பது சுலபம். காரியம் செய்யும் வேளையில் மனிதனுக்குக் கிடைத்திருக்கும் வெளிச்சத்தைக் கொண்டு அவனை அளப்பதே நியாயம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 366 ரன்னுக்கு ஒரே விக்கெட் விழுந்திருந்த அணி, டிராவே போதும் என்று நினைத்திருந்தால், எவ்விதச் சிரமமுமின்றி அதைப் பெற்றிருக்கும். எட்டு விக்கெட்டுகள் விழுந்ததும், கடைசி ஓவரில் தோல்வியை முகத்துக்கு முகம் காண நேர்ந்ததும், வெற்றியை உண்மையாகவே நாடியதன் விலை. அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்பதில்தான் அந்த ஆட்டத்தின் பெருமை இருக்கிறது. அதேபோல, கைநழுவிவிட்ட ஆட்டத்தை மீட்டெடுத்த இங்கிலாந்தின் பங்கும் சாமானியமானதன்று. மனம் தளராத ஒரு காப்டனும், களைப்பறியாத ஒரு வீரரும், ஏழு விக்கெட்டுகளை 57 ரன்களுக்குள் வீழ்த்தினார்கள். இரு கட்சியும் ஜயிக்கப் பாடுபட்டு, ஒவ்வொன்றையும் மற்றது தடுத்து நிறுத்திய நிலைக்கு டிரா என்று பெயரிடுகிறோம்; யாரும் ஜயிக்க விரும்பாமல் காலத்தை ஓட்டிய நிலைக்கும் அதே பெயரைத்தான் கொடுக்கிறோம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. ஐந்து நாட்களில் 1270 ரன்கள் எடுக்கப்பட்டு, கடைசி ஓவர் வரையில் நான்கு முடிவுகளும் சாத்தியமாக இருந்த ஓர் ஆட்டத்தை, முடிவு ஏற்படாத ஆட்டம் என்று எழுதி வைப்பது பதிவேட்டின் வழக்கம்; ஆட்டத்தை நேசிப்பவர்கள் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. வெல்ல முடியாத இலக்கை வெல்லத்தக்கதாக ஆக்கிக்காட்டிய அந்த ஒரு நாள், எளிதில் பெற்ற பல வெற்றிகளைவிட இந்தியக் கிரிக்கெட்டுக்கு அதிகமான தன்னம்பிக்கையை அளித்தது என்பது என் உறுதியான நம்பிக்கை.

அடுத்த வாரம், காலவரிசையில் சற்றுப் பின்னோக்கிச் சென்று, 1963-இல் லார்ட்ஸில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவினரும் ஆடிய ஆட்டத்தைக் காண்போம். கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த காலின் கௌட்ரி, கடைசி இரண்டு பந்துகள் பாக்கியிருக்கும்போது மைதானத்தில் இறங்கிய ஆட்டம் அது.

(தொடரும்)