பழங்கால மரக்கப்பல் மாதிரிகள்

கடலோடிய மரக்கப்பல்களின் ஆயுள் குறுகியது. புயலும் போரும் விட்டுவைத்தவற்றைக் கடற்புழு அரித்தது; எஞ்சியவற்றுட் பல, முதுமை எய்தியதும் மரத்தின் பொருட்டு உடைக்கப்பட்டன. ஆகவே, சில நூற்றாண்டுகளுக்கு முன் மிதந்த கலங்களின் அமைப்பை அறிய விழைவோர்க்கு, அக்காலத்தார் செய்துவைத்த சிறு மாதிரிகள் பெருந்துணை புரிகின்றன. இத்தகைய மாதிரிகளை ஆக்குதலும் பழையனவற்றைச் செப்பனிடுதலும் இன்று பல நாடுகளிற் பலர்க்கு ஓய்வுநேரக் கலையாக விளங்குகின்றன. எனினும், ஆக்குவோன் கடமை வேறு. செப்பனிடுவோன் கடமை வேறு. இவ்வேறுபாட்டை உணராதவழி, அன்போடு தொட்ட கையே அரிய சான்றை அழித்துவிடும்.

ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய மாதிரிகளுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டு மத்தாரோ என்னும் ஊரோடு தொடர்புடையது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இஃது ஆலயத்திற்கு நேர்த்திக்கடனாக அளிக்கப்பட்டதாகும். இன்று ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரக் கடல்சார் நூதனசாலையில் உள்ளது. அக்காலக் கப்பல்கள் சிலவே எஞ்சியுள்ளமையால், வழிபாட்டின் பொருட்டுச் செய்யப்பட்ட இம்மாதிரி ஆராய்ச்சியாளர்க்கு அரிய சான்றாயிற்று.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இங்கிலாந்தில் வேறொரு வகை சிறந்தோங்கியது. கடற்படை நிருவாகச் சபையின் பெயரால் வழங்கும் இம்மாதிரிகள் பெரும்பாலும் 48இல் ஒரு பங்கு அளவின. அஃதாவது, கப்பலின் ஓரடி மாதிரியிற் கால் அங்குலமாகும். 160 அடிக் கப்பல் 40 அங்குலமாகச் சுருங்கும். இவற்றுட் பலவற்றின் கீழ்ப்பகுதி பலகையால் மூடப்படாது, விலா எலும்புகள் போன்ற வங்குகள் வெளித்தோன்ற விடப்பட்டுள்ளது. ஆயினும், அவ்வங்குகளின் அடுக்கு மெய்க்கப்பலின் அடுக்கை அப்படியே ஒத்ததன்று. அழகும் மரபும் நோக்கி எளிமையாக்கப்பட்டது. சான்றையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கிறீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையிலும், 1935இல் றோஜர்ஸ் என்பார் அளித்த தொகுதியைப் பெற்ற அமெரிக்காவின் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் இவற்றைக் காணலாம்.

புதிதாக மாதிரி ஆக்குவோன் முதலில் அடிமரமாகிய ஏராவை நிறுத்தி, அதன்மேல் வங்குகளைப் பொருத்துகின்றான். பின்னர் மென்பலகைகளை வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்தி வளைத்து ஒட்டுகின்றான். மெய்க்கப்பல் ஓக்கு மரத்தாலாயினும் மாதிரிக்கு அம்மரம் ஏற்றதன்று. அதன் பருத்த இரேகை சிற்றளவிற் பொருந்தாது தோன்றும். எனவே, நுண்ணிய இரேகையுடைய பெயார் மரம் முதலியன விரும்பப்படுகின்றன. பாய்மரத்தைத் தாங்குங் கயிறுகள் கீல் பூசப்பட்டமையாற் கருமையாகவும், பாயை இயக்குங் கயிறுகள் வெளிர்நிறமாகவும் அமைதல் வேண்டும். 48இல் ஒரு பங்காகச் சுருங்கிய பாய்க்கு ஏற்ற மெல்லிய துணி கிடைத்தல் அரிது. ஆதலாற் பலர் பாயின்றியே மாதிரியை முடிப்பர்.

செப்பனிடுதலோ அடக்கத்தை வேண்டி நிற்பது. பழுதைக் கண்டவுடன் கருவியை எடுத்தல் தகாது. முதலில் ஒவ்வொரு பகுதியையும் படம்பிடித்துக் குறிப்பெழுதுதல் வேண்டும். பின்னர் மென்தூரிகையால் தூசி அகற்றலாம். ஒட்டுவதற்கு வச்சிரப்பசை போன்று, பிற்காலத்தில் இளக்கி நீக்கத்தக்க பசையே ஏற்றது. ஈயத்தாலான பீரங்கிகளும் நங்கூரங்களும் ஓக்கு மரப்பேழையுள் அடைபட்டிருப்பின், அம்மரத்தினின்று எழும் அமில ஆவியால் வெண்பொடியாய் உதிர்தல் கூடும். எனவே, மாதிரியைக் காத்தல் அதன் பேழையைத் திருத்துதலில் தொடங்குகின்றது.

கயிறுகளே பெருஞ்சிக்கலை விளைப்பன. மரம் நிலைப்பினும் நூல் இற்றுவிடும். பல பழைய மாதிரிகள் பிற்காலத்தாராற் புதிதாகக் கயிறு பூட்டப்பெற்றன. அவருட் சிலர், தாம் அறிந்த பிற்கால முறையையே முற்கால மாதிரிக்கு ஏற்றினர். காண்போரோ அனைத்தையும் பழையதென நம்புவர். இந்நிலையில் இற்றுப்போன ஒரு முழக் கயிறும், அதன் முடிச்சும், அது சென்ற துளையும் புதிய கயிற்றுக் கோவை முழுவதினும் பெறுமதி மிக்கன. இயன்றவரை பழையதை நிறுத்தல், இன்றியமையாததை மட்டுஞ் சேர்த்தல், சேர்த்தது எதுவெனப் பின்வருவோர் அறிய எழுதிவைத்தல் என்னும் மூன்றும் செப்பனிடுவோனுக்கு உரிய அறமாம்.

இவ்வறம் ஈழத்தவர்க்கும் தொலைவானதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய பாய்க்கப்பல்கள் ஓடிய காலம் கழிந்துவிட்டது. பழைய தச்சர் அறிவிற் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படாது கையிலும் கண்ணிலும் வாழ்ந்தது. கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். ஆதலின், வீட்டு மூலையிலோ கோயில் மண்டபத்திலோ கிடக்கும் பழைய மரக்கல மாதிரியொன்றைக் காண்போர், புதுவர்ணம் பூசுமுன் அதனை அளந்து, படம்பிடித்து, செய்தவர் பெயரையும் கேட்டு எழுதிவைப்பாராயின், அதுவே முதற் செப்பனிடுதலாகும்.