சின்னக் கால்களுக்குச் சின்ன மைதானம்

அமெரிக்காவில் சனிக்கிழமை காலை ஏதாவது ஒரு பூங்காப் பக்கம் போனால் இதைப் பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர். முழங்கால்வரை காலுறை, தொடைவரை தொங்கும் ஜெர்சி. பந்து எங்கே போனாலும் எட்டுப் பேரும் அங்கேதான் மொய்ப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் புல்லில் எதையோ பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஒருத்தி தன் பக்கக் கோலிலேயே பந்தைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் கொண்டாடுவாள். கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் பெற்றோர். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் அந்த வரிசையில் தமிழும் கேட்கும்.

பார்க்க விளையாட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இதன் விதிகள் யோசித்து எழுதப்பட்டவை. கோல்கீப்பர் ஏன் இல்லை, பந்து ஏன் சிறியது, தலையால் முட்டினால் நடுவர் ஏன் விசில் ஊதுகிறார் என்று கேட்டுப் பார்த்தால், பதில்கள் பிள்ளைகளின் எலும்பிலும் மூளையிலும் போய் முடிகின்றன.

எல்லாரும் ஆட வேண்டும்

கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் 1964ஆம் ஆண்டு 9 அணிகளோடு தொடங்கியது அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பான 'ஏஒய்எஸ்ஓ'. அதன் முதல் கொள்கை, எல்லாரும் ஆட வேண்டும் என்பது. பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். தேர்வுப் போட்டி கிடையாது. நன்றாக ஆடுகிறவர்களெல்லாம் ஒரே அணியில் சேர்ந்துவிடாதபடி அணிகளைச் சமமாகப் பிரிப்பதும் விதியிலேயே இருக்கிறது.

இதைக் கருணை என்று நினைப்பவர்கள் உண்டு. உடல்நலக் கண்ணோடு பார்த்தால் இதில் கணக்கு இருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 146 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு ஜெர்சி கிடைத்திருக்கும், உடற்பயிற்சி கிடைத்திருக்காது. பெரும்பாலும் அடுத்த வருடம் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வரவும் வராது.

நாலு பேருக்கு நாலு பேர்

பெரியவர்களின் மைதானத்தில் 22 பேர், நடுவில் ஒரு பந்து. அதே மைதானத்தில் ஏழு வயதுக் குழந்தைகளை இறக்கிவிட்டால், வலுவான இரண்டு மூன்று பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் தூரத்தில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில் இதை எண்ணியே பார்த்தார்கள். எட்டுக்கு எட்டு பேர் ஆடிய ஆட்டத்தையும் நாலுக்கு நாலு பேர் ஆடிய ஆட்டத்தையும் ஒப்பிட்டபோது, சிறிய ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதமும் கோல் முயற்சிகள் 260 சதவீதமும் கோல்கள் 500 சதவீதமும் கூடியிருந்தன. பிள்ளைகள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. ஆளுக்குக் கிடைத்த பந்து கூடியது, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017இல் இதைக் கட்டாயமாக்கியது. 8 வயதுக்குட்பட்டோருக்கு நாலு பேர், கோல்கீப்பர் இல்லை. 10 வரை ஏழு பேர், 12 வரை ஒன்பது பேர், 13 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்துதான் பதினொரு பேர். நாலு பேர் ஆடும் மைதானம் நீளத்தில் 35 கெஜத்தைத் தாண்டாது. பந்து மூன்றாம் நம்பர். பெரியவர்கள் உதைப்பது ஐந்தாம் நம்பர்.

சின்ன இடத்தில் ஆடும்போது ஓட்டம் விட்டு விட்டு வரும்: பாய்ந்து ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி பாய்வது. வளரும் எலும்புக்கு இந்த அதிர்வும் திருப்பமும் நல்லது. டென்மார்க்கில் 8 முதல் 10 வயதுப் பள்ளிப் பிள்ளைகளை வாரத்துக்கு மூன்று முறை, 40 நிமிடம், கால்பந்து உள்ளிட்ட சிறுகுழுப் பந்தாட்டங்களில் ஈடுபடுத்தினார்கள். பத்து மாத முடிவில் அவர்களின் எலும்பு அடர்த்தியும் தசைத்திறனும் மேம்பட்டிருந்தன. பருவமடைவதற்கு முன் எலும்பில் சேர்கிற இந்தச் சேமிப்பு முதுமைவரை கைகொடுக்கும் என்பதால் மருத்துவர்கள் இதை ஆர்வமாகக் கவனிக்கிறார்கள்.

ஜெர்மனியில் ஒரு சண்டை

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2024-25 பருவத்திலிருந்து அங்கே ஏழு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று பேர் ஆட்டம்தான். நான்கு குட்டிக் கோல்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் பல சிறு மைதானங்கள் போட்டிருப்பார்கள். ஜெயித்த அணி ஒரு மைதானம் மேலே நகரும், தோற்ற அணி ஒன்று கீழே வரும். சில சுற்றுகளில் சமபலம் உள்ளவர்கள் எதிரெதிரே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இரு பக்கமும் வரிசைப்படி ஆள் மாறுவதால் யாரையும் நிரந்தரமாக உட்காரவைக்க முடியாது.

அப்போது டார்ட்மண்ட் கிளப்பின் தலைமைச் செயல் அதிகாரியாகவும் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்த ஹான்ஸ்-யோவாஹிம் வாட்ஸ்கே 2023இல் இந்தத் திட்டத்தைப் பகிரங்கமாகக் கிண்டல் செய்தார். இப்படியே போனால் பந்தே இல்லாமல் ஆடுவோம், இல்லாவிட்டால் மெதுவாக ஓடுகிறவர்களை விட்டு உருண்டுபோகாதபடி பந்தைச் சதுரமாக்குவோம் என்பது அவர் வாதத்தின் சாரம். தோல்வியைச் சந்திக்காத பிள்ளை எப்படி உறுதியாகும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் தோல்வி காணாமல் போகவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. பதினைந்து கோல் வித்தியாசத்தில் வரும் அவமானம்தான் இல்லை.

நார்வேயில் 11 வயது ஆகும்வரை எந்த விளையாட்டிலும் தரவரிசைப் பட்டியல் வெளியிடக் கூடாது. சிறார் விளையாட்டுக்கான விதிமுறைகளை அந்த நாடு 1987லேயே கொண்டுவந்துவிட்டது. அந்த ஏற்பாட்டுக்குள் ப்ரூனே என்ற சிறிய ஊரில் ஐந்து வயதிலிருந்து ஆடி வளர்ந்தவர், கோல்களுக்குப் பெயர்பெற்ற எர்லிங் ஹாலண்ட். பட்டியல் இல்லாததால்தான் அவர் கோல் அடிக்கிறார் என்று சொல்ல முடியாது. பட்டியல் இல்லாவிட்டால் பிள்ளை மழுங்கிவிடும் என்ற பயத்துக்கு அவர் ஒரு பதில்.

தலையில் படாத பந்து

2014இல் சில பெற்றோரும் ஆட்டக்காரர்களும் கலிபோர்னியா நீதிமன்றத்தில் ஃபிஃபா, ஏஒய்எஸ்ஓ உள்ளிட்ட அமைப்புகள்மீது வழக்குப் போட்டார்கள். பணம் கேட்கவில்லை, தலைக்காயம் குறித்த விதிகளை மாற்றச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க அமைப்புகளோடு ஏற்பட்ட சமரசத்தின் பலனாக, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவது தடைசெய்யப்பட்டது. 11 முதல் 13 வயதுவரை பயிற்சியில் அதற்கு வரம்பு வைத்தார்கள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்றது. அது கால்பந்தைத் தொழிலாகவே ஆடியவர்களைப் பற்றியது. வாரம் ஒரு முறை ஆடும் ஏழு வயதுக் குழந்தைக்கு அதே ஆபத்து என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இருந்தும், உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம். ஆகவே இங்கிலாந்து 2020இல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து தலைமுட்டலை நீக்கியது.

பந்தைவிடப் பெரிய ஆபத்து, தலையோடு தலை மோதுவதும் தரையில் விழுவதும். அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கக் கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ நினைவு தப்பினாலோ உடனே மருத்துவமனை.

விழக் கற்றுக்கொள்வது

சிறு பிள்ளைகள் விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது சகஜம். அதனால் ஃபிஃபாவின் சிறுவர் வார்ம்-அப் திட்டத்தில் உருண்டு விழும் பயிற்சியும் ஒன்று. மொத்தம் ஏழு பயிற்சிகள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒற்றைக் காலில் நிற்பது, ஒற்றைக் காலில் தாவுவது, ஸ்பைடர்மேன் மாதிரி நாலு காலில் ஊர்வது என்று பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயங்கள்தான். நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய 3,900 சிறார்களை வைத்து நடந்த பரிசோதனையில் காயங்கள் 48 சதவீதமும் கடுமையான காயங்கள் 74 சதவீதமும் குறைந்தன. செலவு என்று எதுவும் இல்லாத மருந்து இது.

எட்டு வயதுக்கு மேல் குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். குதிகால் எலும்பின் வளரும் பகுதி, இழுவை தாங்காமல் வீங்கியிருக்கலாம். ஓய்வு கொடுத்தால் சரியாகும், விரட்டினால் நீடிக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் விட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

சேர்ப்பதற்கு முன் ஒரு நடை

இந்தியாவிலும் 2018இல் 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் சிறார்களுக்குச் சிறு மைதான ஆட்டங்கள் தொடங்கின. சென்னையில் வியாசர்பாடிக்குக் கால்பந்து புதிதில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதக் கோடை முகாம்களில் ஒரே பந்து, முப்பது பிள்ளைகள், நீண்ட வரிசை என்ற பழைய வழக்கமும் இன்னும் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஓடுவது எவ்வளவு, வரிசையில் நிற்பது எவ்வளவு? தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? வெயில் ஏறும் முன் முடிக்கிறார்களா? முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு கட்டியிருக்கிறார்களா? கூடவே கோல் கம்பத்தையும் ஒரு முறை அசைத்துப் பார்க்கலாம். தரையில் பொருத்தாத இரும்புக் கம்பம் பிள்ளைகள் தொங்கும்போது கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. கம்பம் ஆடினால் மணல் மூட்டை வைத்தோ முளை அடித்தோ பொருத்திய பிறகு ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கோச்சிடம் கேட்கலாம்.