பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வேறு கார்டு

சென்னை ரிச்சி தெருவுக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனால், "பட்ஜெட் எவ்ளோ தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "மானிட்டர் என்ன வெச்சிருக்க?" என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதை முடிவு செய்வது மானிட்டர்தான். வழக்கமான 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது முதல் திரையைப் போல நான்கு மடங்கு. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால், இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டு ஒரு படத்தை முடிக்கக் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அந்த அவகாசம் 7 மில்லி விநாடிக்கும் கீழே போய்விடும். மேசையில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர், அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், 4கே ஆட்டத்துக்கான கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண்.

வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும் ஆடுகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஆட்டங்களில் புராசஸருக்குத்தான் வேலை அதிகம். சிக்கலெல்லாம் கார்டைப் பிழிந்தெடுக்கும் பெரிய ஆட்டங்களில்தான். 2007-ல் வந்த 'கிரைசிஸ்' அந்த ஆண்டின் உயர்ந்த கார்டுகளையே மூச்சுத் திணறவைத்தது. "இதுல கிரைசிஸ் ஓடுமா?" என்பது கேமர்களிடையே நிரந்தரக் கிண்டலாகவே ஆனது. பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தது 'சைபர்பங்க் 2077'. ஒளியின் பாதையை முழுவதும் கணக்கிட்டு வரையும் பாத் டிரேசிங் முறை 2023 ஏப்ரலில் அதில் சேர்ந்தபோது, என்விடியாவின் அன்றைய உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090-கூட வேறு உதவியில்லாமல் 4கே திரையில் 30 ஃபிரேமை எட்டவில்லை.

அதுவாவது பரவாயில்லை, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' ஆட்டமும் 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆட்டமும் அந்த வசதியையே தரவில்லை. ஒளிக் கதிர்களைக் கணக்கிடும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கார்டில் இருந்தே தீர வேண்டும் என்றன. 2017-ல் 11 ஜிபி மெமரியோடு வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யை செகண்ட்ஸ் சந்தையில் இன்றும் "லெஜண்ட் கார்டு" என்று புகழ்ந்து விற்கிறார்கள். புகழ் நியாயமானதுதான். ஆனால், இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் அது ஆகாது. அந்தத் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா 2025-ல் நிறுத்திவிட்டது.

இனி வீடியோ மெமரி. இன்று அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். சமையல் மேடை சின்னதாக இருந்தால், கைதேர்ந்த சமையல்காரர்கூட ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். கார்டின் நிலையும் அதுவே. சிப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், ஆட்டத்தின் டெக்ஸ்சர்கள் 8 ஜிபிக்குள் அடங்காவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து மதர்போர்டு வழியாக இழுத்துவர வேண்டும். படம் திக்கித் திக்கி நகரும். சில ஆட்டங்களில் வேகம் குறையாது, ஆனால் சுவரும் முகமும் மெழுகு பூசியதுபோல் மங்கித் தெரியும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இதுதான். அந்த ஆட்டத்தை அவசரமாக இறக்கியதும் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனாலும் மெமரிப் பசி அதோடு நிற்கவில்லை.

விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் சராசரி எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்தால் இந்தத் திக்கல் கண்ணில் படாது. விமர்சன வீடியோக்களில் 'ஒன் பர்சென்ட் லோ' என்றொரு எண் காட்டுவார்கள். ஓட்டத்தின் மிக மோசமான தருணங்களில் வேகம் எவ்வளவு விழுந்தது என்பதைச் சொல்வது அது. நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

2025 ஏப்ரலில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டு வடிவங்களில் வந்தது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். பெயர் ஒன்று, சிப்பும் ஒன்று. ஏஎம்டியும் ஜூன் மாதம் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யை அதே பாணியில் 299, 349 டாலர் என்று இறக்கியது. இரண்டிலும் அப்போது வித்தியாசம் 50 டாலர்தான். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் கடைக்காரர் லாபமும் சேரும்போது அது இன்னும் கொஞ்சம் கூடும். பெரிய ஆட்டங்களுக்கென்றே கார்டு வாங்குகிறவர் மிச்சப்படுத்தக் கூடாத பணம் அது. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 5060 டிஐ கார்டு மதர்போர்டோடு பேச 16-க்குப் பதில் 8 பிசிஐ பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. மூன்றாம் தலைமுறை பிசிஐ போர்டில் அந்தப் பாதை இன்னும் குறுகும், மெமரி நிரம்பி வழியும்போது அடி பலமாக விழும். ஆக, பழைய பெட்டியில் செருக மலிவான 8 ஜிபி கார்டு தேடுகிறவருக்குத்தான் அந்தக் கார்டு மிக மோசமாக ஓடும்!

ஒரே பெயரில் இரண்டு சரக்கு என்பது புதிய வழக்கமல்ல. 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 3 ஜிபி வடிவத்தில் மெமரி மட்டுமல்ல, கணக்கிடும் கோர்களும் குறைவு. 6 ஜிபியில் 1,280, இதில் 1,152. ஜிடி 1030-ஐ வேகம் குறைந்த டிடிஆர்4 மெமரியோடு பின்னர் அதே பெயரில் விற்றார்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4080-க்கு 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவங்களை என்விடியா அறிவித்தது. அவை இரண்டும் வேறு வேறு சிப்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 12 ஜிபி வடிவத்தைத் திரும்பப் பெற்று, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி 100 டாலர் குறைத்து விற்றது. லேப்டாப்பில் கேட்கவே வேண்டாம். மேசைக் கணினியின் 4090-ல் 24 ஜிபி மெமரி. லேப்டாப் 4090-ல் 16 ஜிபி, உள்ளே இருப்பதும் வேறு சிப்.

பெயர் மட்டுமல்ல, மேடையில் சொல்லும் வேகமும் ஏமாற்றும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார். அந்தக் கணக்கு, ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்தது. கார்டு உண்மையில் வரையும் இரண்டு படங்களுக்கு இடையில் மூன்று படங்கள்வரை ஊகித்துச் செருகும் வித்தை அது. பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால், இடையில் வரும் அந்தப் படங்களுக்கு நீங்கள் மவுஸை அசைத்தது தெரியாது. 60 ஃபிரேம் இருப்பதை 120 ஆக்கினால் நன்றாகவே இருக்கும். 25-ஐ 100 ஆக்கினால் கை ஒரு பக்கம், திரை ஒரு பக்கம் என்று போகும். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் வேறு கதை. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசுவதில்லை. கேபினெட்டோடு சேர்ந்து வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஸை நம்பிப் புதுக் கார்டை மாட்டாதீர்கள். 5060-க்கு 145 வாட் போதும். ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட் கேட்கும். 5090 கார்டு 575 வாட். அத்தனை வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். மே மாதத்துச் சென்னையில் அதை அனுபவித்தால்தான் தெரியும். பலர் வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். 300 வாட் கார்டு முழு மூச்சில் ஓடும்போது கரன்ட் போனால், கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும்.

இன்டெல்லின் ஆர்க் பி580, 12 ஜிபி மெமரியோடு 249 டாலருக்கு வந்தபோது ஏழைகளின் கார்டு என்று கொண்டாடினார்கள். ஆனால், பழைய புராசஸரோடு சேர்த்தால் அதன் வேகம் இறங்கிவிடுகிறது. புதிதாக அசெம்பிள் செய்பவருக்கே அது பொருத்தம்.

என்னைக் கேட்டால், 1080பி, 1440பி இரண்டுக்கும் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. ரே டிரேசிங் ஆசை அதிகமிருந்தால் 5060 டிஐ 16 ஜிபி. "கொஞ்ச நாள் பொறு, விலை இறங்கும்" என்ற பழைய அறிவுரை இப்போது எடுபடவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது. கார்டுக்கு மெமரி செய்வதும் அதே சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்தான். விலையேற்றம் முதலில் கடிப்பது 16 ஜிபி கார்டைத்தான்.

வாங்கும்போது பில்லில் '5060 டிஐ' என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். 16 ஜிபி என்பதையும் சீரியல் நம்பரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டி, கார்டு, பில் மூன்றிலும் அந்த நம்பர் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.