சுறாவின் வாயைக் கட்டியவன்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால் அரிப்பு என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே புதிதாக வருபவரை ஊரவர் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது அல்லிராணி கோட்டையைத்தான். கடலரித்த மேட்டின் விளிம்பிலே, பாதி இடிந்தும் மீதி இடியக் காத்தும் நிற்கும் அந்தச் செங்கற் கட்டடத்தில், முத்துக்களைக் குவித்து ஆண்ட அல்லியரசாணி வாழ்ந்தாள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சரித்திரம் வேறு சொல்கிறது. 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த் என்னும் ஆங்கிலேயர், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்கென்று கட்டுவித்த மாளிகை அது. இதை நான் எடுத்துச் சொன்னபோது, உடன் வந்த முதிய சம்மாட்டியார் மறுக்கவில்லை.

“கட்டினவர் துரையாகவே இருக்கட்டும், ஐயா. இப்ப இருக்கிறவ அல்லிதானே?” என்றார்.

அவரோடு வழக்காட நான் அங்கே போகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வழக்கு என் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. அது நடந்த கடலை ஒருமுறை கண்ணாற் பார்த்துவிட வேண்டும் என்றே போனேன். கொலை வழக்கன்று, களவு வழக்குமன்று. ஒரு மனிதனின் கால் போன வழக்கு.

1797ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் மன்னார்க் குடாவில் நடந்த முத்துச் சலாபத்தை நேரிற் கண்டு எழுதியவர் லெ பெக் என்பவர். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஏசியாற்றிக் றிசேர்ச்சஸ்’ தொகுதியில் அக்கட்டுரை அச்சாயிற்று. சலாபம் என்றால் என்னவென்பதை இக்காலத்து மாணவருக்குச் சற்று விளக்குதல் வேண்டும். மனித சஞ்சாரமில்லாத மணற்கரையிலே, மாசி மாதத்தில் ஓலைக் கொட்டில்களாலான பெருநகரமொன்று திடீரென்று எழும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபுக்கரை எனப் பல திக்கிலிருந்தும் குளியாளரும் வணிகரும் வந்து கூடுவர். நள்ளிரவு தாண்டியதும் தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்படும். விடியும்போது பாருக்கு மேலே நிற்கும். ஒரு தோணியிற் பத்துக் குளியாளர், ஐந்து கற்கள். கல்லிலே காலை ஊன்றி, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிஷம் அளவாக மூச்சையடக்கிச் சிப்பியை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலேயிருப்பவன் இழுத்துவிடுவான். நண்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் எல்லாத் தோணிகளும் ஒருங்கே கரை திரும்பும். இருபது, முப்பது நாட்களில் அந்த நகரம் வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். நாற்றம் மாத்திரம் மிஞ்சும்.

இத்தனைக்கும் நடுவே, தோணியேறாமல் கரையில் நின்றபடியே சம்பளம் பெற்றவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் கடல்கட்டி. சூரியன் உதித்தது முதல் தோணிகள் திரும்பும்வரை, உணவும் உறக்கமும் விலக்கி, மந்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவன் தொழில். அந்த மந்திரம் சுறாவின் வாயைக் கட்டிவிடும். குடிப்பதற்குத் தடையில்லை என்றும், அந்தச் சலுகையை அவர்கள் தாராளமாகவே அனுபவித்தனர் என்றும் லெ பெக் குறும்பாக எழுதுகிறார். ஆயினும் கடல்கட்டி கரையில் நில்லாத நாளிற் குளியாளர் நீரில் இறங்கமாட்டார்கள். ஆகவே, இந்த மந்திரத்தைக் கேலி செய்த அரசாங்கமே அதற்குக் கூலியும் ஒழுங்கு செய்து கொடுத்தது.

இனி வழக்குக்கு வருவோம். தாம் கண்ட சலாபத்துக்கு முந்திய ஒன்றிலே குளியாளன் ஒருவனின் காலைச் சுறா கொண்டுபோய்விட்டது என்று லெ பெக் கேள்விப்பட்டார். தலைமைக் கடல்கட்டியை அழைத்து, “உன் மந்திரம் எங்கே போயிற்று?” என்று கேட்டார்களாம். அவன் கலங்கவில்லை. அக்கரையிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஒரு கிழவி, பொறாமையினால் எதிர்மந்திரம் செய்து தன் கட்டை அவிழ்த்துவிட்டாள் என்றும், செய்தி தனக்குக் காலந்தாழ்ந்தே எட்டியது என்றும் விடை சொன்னான். பிறகு தன் வல்லமையைக் காட்ட, சுறாக்களை மறுபடியும் கட்டினான். அவை குளியாளரின் கண்முன்னே தோன்றினவாம். ஆனால் வாயைத் திறக்கமுடியாமல் தவித்தனவாம்.

இந்தச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். துப்பறியும் கதைகளில் வருவது போல, இதனால் யாருக்கு நயம் என்று பார்த்தால் முடிச்சுச் சிறிது நெகிழ்கிறது. குற்றவாளி உள்ளூராள் அல்லள். ஆகையாற் கொட்டில்களுக்கிடையே சண்டை மூளவில்லை. மந்திரம் பொய்யென்று தீரவில்லை. ஆகையால் மறுநாட் காலையில் தோணிகள் புறப்பட்டன. கடல்கட்டியின் பிழைப்பும் போகவில்லை. அரசாங்கத்தின் வரும்படியும் தப்பியது. எல்லாருக்கும் வசதியான தீர்ப்பு! கிழவியை மாத்திரம் யாரும் விசாரித்ததாகக் காணோம். அவள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அப்படியொருத்தி வந்திறங்கவே இல்லை என்றுதான் நான் விரும்புகிறேன். உண்மையாகவே ஒரு கிழவி, மகனுக்குச் சோறாக்கிப் போட வந்தவளோ, சிப்பி விலை கேட்க வந்தவளோ, அன்று அந்தக் கரையில் நின்றிருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும்!

ஆனால் வேறொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சுறாக்கள் மலிந்த இக்கடலிலே, அரைநிர்வாணமாக இறங்கிய ஆயிரக்கணக்கானோருள் கடியுண்டவர் மிகச் சிலரே என்பதை மந்திரத்தை நம்பாதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான தோணிகளும், ஓயாத ஆரவாரமும், விழுந்துகொண்டேயிருக்கும் கற்களும் சுறாவை வெருட்டின என்பது பகுத்தறிவு தரும் விடை. நான் அதையே ஏற்கிறேன். ஏற்றாலும், தென்னென்ற் எழுதிய ஒரு நிகழ்ச்சியை நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, வேறேதோ ஒன்றும் வருகிறது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்து 1859இல் இலங்கையைப்பற்றிப் பெருநூல் வெளியிட்ட அவர், அரிப்புக்கு வந்த சமயம் கடல்கட்டி நோயிற் கிடந்தான். பதிலாள் ஒருவனை அனுப்பியிருந்தான். அந்தப் பதிலாளோ, “எனக்கு மந்திரம் தெரியாது, ஆயினும் அவருடைய ஆள் நான் என்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும்” என்ற கருத்துப்படக் கூறினானாம். அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்பதையும் தென்னென்ற் குறித்திருக்கிறார். மதம் மாறிற்று, கட்டு மாறவில்லை.

தூத்துக்குடிக் கடல்கட்டிகளைப்பற்றித் தர்ஸ்ற்றன் 1890இல் எழுதியது இன்னும் விசித்திரம். அவர்கள் வீட்டிலே ஒரு பித்தளைப் பாத்திரம், அதிலே நீர், நீருக்குள் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள். கடலில் ஒருவனைச் சுறா கடிக்குமானால், இங்கே ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிக்குமாம்.

இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் மார்க்கோ போலோவிடம் போய் நிற்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற அவர், மீன்களை மயக்கும் மந்திரகாரருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். கூடவே ஒரு செய்தியை வைக்கிறார். பகலிற் கட்டிய கட்டை இரவிலே அவர்கள் அவிழ்த்துவிடுவார்களாம்! ஏன்? மீன்கள் இரவிலே தம் விருப்பப்படி தீங்கு செய்யட்டும் என்று. இரவிலே பாருக்குச் செல்லக்கூடியவன் யார்? திருடன். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. காவற்படகும் வேலியும் இல்லாத நடுக்கடலில், அந்த மந்திரம் பகலிலே திறக்கும் கதவாகவும் இரவிலே பூட்டும் பூட்டாகவும் இருந்திருக்கிறது.

முத்து இப்போது இல்லை. 1905இல் ஒரே சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டு பார்கள் ஓர் ஆங்கிலக் கொம்பனிக்குக் குத்தகையாயின. 1907க்குப் பின் அந்தப் பழைய செல்வம் மீளவேயில்லை. கட்டுவதற்குக் கடல் இருந்தும், இறங்குவதற்கு ஆளில்லை.

இவற்றையெல்லாம் சம்மாட்டியாருக்கு நான் சொல்லவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோட்டை மேட்டிலிருந்து இறங்கி, காலிற் படிந்த செம்மண்ணைக் கழுவலாமென்று நீரை நோக்கி நடந்தேன்.

“ஐயா, வேண்டாம். பொழுது பட்டுட்டுது. இனிக் கால் நனைக்கக் கூடாது” என்றார் பின்னாலிருந்து.

“ஏன்?”

“அப்பு காலத்திலயிருந்து அப்படித்தான். பகல்ல ஒண்டுமில்லை.”

மார்க்கோ போலோ என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. நான் காலைக் கழுவவில்லை.

திரும்பி வரும் வழியிலே மனம் பொறாமல் லெ பெக்கின் வழக்கை அவருக்குச் சொன்னேன். கடல்கட்டியையும் கிழவியையும் வாய் திறவாத சுறாக்களையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாமல் நடந்தார்.

“கால் போனவன் என்ன ஆனான், ஐயா?” என்றார்.

லெ பெக் அதை எழுதவில்லை என்றேன்.