டம்ளரில் எந்தப் பட்டை?

அஞ்சறைப் பெட்டியில் கிடந்த பட்டை ஒன்றை எடுத்து விரலால் ஒடித்துப் பார்த்தேன். லேசில் ஒடியவில்லை. மரச்சில்லு போலத் தடிமன், செம்பழுப்பு நிறம், ஒரே சுருளாக உள்பக்கம் மடங்கியிருந்தது. பிறகு, ‘சிலோன் பட்டை’ என்று கேட்டு வாங்கி வந்ததை எடுத்தேன். சுருட்டு மாதிரி, மெல்லிய தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடைந்திருந்தன. இரண்டு விரலால் அழுத்தியதும் பொலபொலவென உதிர்ந்தது. தினமும் பட்டை டீ குடிப்பவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

இரண்டும் வேறு வேறு மரங்கள். முதலாவது கேசியா; சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் விளையும் வகைகள். நம் பிரியாணியில் பெரும்பாலும் விழுவது இதுதான். மற்றது இலங்கையின் கறுவா. காலி, மாத்தறைப் பக்கம் மழை பெய்து பட்டை இளகும் நேரம் பார்த்துக் கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் உரித்தெடுக்கிறார்கள். அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்துகிறார்கள். நுட்பமான கைவேலை, விலை அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலையைவிடக் கவனிக்க வேண்டியது கூமரின். பட்டையில் இயற்கையாகவே இருக்கும் மணப்பொருள் இது. அளவு மிஞ்சினால், எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர்களின் கல்லீரலைத் தாக்கும். நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் சேரலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். கேசியாப் பொடி சுமார் 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சாப்பிட்டாலே இந்த அளவு வந்துவிடும். இலங்கைப் பட்டையில் கூமரின் இருப்பது மிகச் சொற்பம். பொடியாகிவிட்டால் எது எதுவென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முழுப் பட்டையாகவே வாங்குங்கள்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். 2003-இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 40 நாள் தினமும் 1, 3 அல்லது 6 கிராம் பட்டைப் பொடியை மாத்திரை உறையில் அடைத்துக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்தது. உலகமெங்கும் பட்டைக்குப் பெயர் வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், 2012-இல் 10 ஆய்வுகளை, 577 பேரை ஒன்றாகச் சேர்த்து அலசிய காக்ரேன் குழு, பட்டையை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. இன்னொன்று, பாகிஸ்தான் ஆய்வில் கொடுத்தது பொடி. நாம் குடிப்பது வடிகட்டிய தண்ணீர். அந்தப் பலனை இதற்கு அப்படியே கணக்குப் போட முடியாது.

இவ்வளவும் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா. “பட்டைத் தண்ணி குடிக்கிறேன்ல, அதான் மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்” என்று அவர் சொன்னபோது பதறிப்போனேன். மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை, பட்டையின் வேலை இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் பட்டை டீ குடிக்கும் முன் டாக்டரைக் கேட்டாக வேண்டும்.

போடும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டைக்கு மணம் தரும் சினமால்டிஹைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆவியோடு சேர்ந்து பறந்துவிடும். பாத்திரத்தைத் திறந்து போட்டுக் கொதிக்கவிட்டால் அடுக்களை மணக்கும், டம்ளர் மணக்காது. விரல் நீளத் துண்டு ஒன்றை நொறுக்கிப் போட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடிகட்டினால் போதும். சர்க்கரை போடாமலே நாக்கில் ஓர் இனிப்பு தட்டும்.

பட்டை டீயில் நான் முழுதாக நம்பும் பலன் அந்த இனிப்புத்தான். பெரியம்மா இப்போது மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொள்கிறார். சாயங்காலம் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்துவந்த காபி இருந்த இடத்தில் இந்த டீ வந்திருக்கிறது. தினமும் எட்டுப் பத்து கிராம் சர்க்கரை அவருக்கு மிச்சம்.